பதினேழும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும்



கணக்கு என்றதும் நம் வீடுகளில் முதலில் கேட்கும் கேள்வி, "வாய்ப்பாடு ஒப்பிப்பியா?" என்பதுதான். சட்டென்று விடை சொல்கிற பிள்ளை கெட்டிக்காரன். கொஞ்ச நேரம் யோசிக்கிற பிள்ளையை, "இவனுக்குக் கணக்கே வராதுங்க சார்" என்று அவன் முன்னாலேயே சொல்லி விடுகிறோம். வாய்ப்பாடு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் யோசிக்கிற பிள்ளைக்கென்றே ஏற்பட்ட கணக்குகளும் உண்டு. போட்டிக் கணக்குகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றின் சரித்திரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஐரோப்பாவில் ஹங்கேரி என்றொரு நாடு. அங்கே ஜியோர் என்னும் ஊரில் தானியல் அரானி என்ற கணித ஆசிரியர் இருந்தார். பாடப்புத்தகக் கணக்கு மட்டும் போதாது என்று நினைத்த அவர், 1894 ஜனவரியில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். இதழில் கணக்குகள் வரும். பிள்ளைகள் வீட்டிலிருந்தே போட்டு, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். நல்ல விடைகளை, அனுப்பியவர் பெயரோடு அச்சில் போடுவார்கள். தன் பெயரை அச்சில் பார்க்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதை இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1896-இல் லாஸ்லோ ராட்ஸ் என்ற இன்னொரு பள்ளி ஆசிரியர் இதழை ஏற்று நடத்தினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜான் வான் நியூமன் சிறுவனாக இருந்தபோது, அவருடைய திறமையைக் கண்டுகொண்டவரும் இந்த ராட்ஸ்தான்.

அதே 1894-இல் எத்வெஷ் என்ற விஞ்ஞானி ஹங்கேரியின் கல்வி அமைச்சரானார். அவரைக் கௌரவிக்க, உயர்நிலைப்பள்ளி முடித்த மாணவர்களுக்கு ஒரு கணிதப் போட்டி வைத்தார்கள். கேள்விகள் மூன்றே மூன்று. 1898-இல் பரிசு வாங்கிய தியோடர் வான் கார்மன், பின்னாளில் விமானம், ராக்கெட் ஆராய்ச்சியில் பெரும் பெயர் எடுத்தவர்.

அந்த முதல் போட்டியின் முதல் கணக்கை இப்போது பார்ப்போம். பயந்துவிடாதீர்கள்!

ஏதாவது இரண்டு முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணின் 2 மடங்கோடு இரண்டாவதின் 3 மடங்கைக் கூட்டுங்கள். பிறகு, முதல் எண்ணின் 9 மடங்கோடு இரண்டாவதின் 5 மடங்கைக் கூட்டுங்கள். இந்த இரண்டு கூட்டுத்தொகையில் ஒன்று 17-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், மற்றதும் வகுபடும். அதை நிரூபிக்க வேண்டும்.

7, 1 என்று வைத்துப் பாருங்கள். முதல் தொகை 17, இரண்டாவது 68, அதாவது நான்கு பதினேழு. 4, 3 வைத்தால் 17, 51. சரியாகத்தான் வருகிறது. ஆனால் நூறு தடவை சரியாக வந்தாலும் அது நிரூபணம் ஆகாதே! நூற்றோராவது தடவை வராமல் போனால்? ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் தொகையை நான்கால் பெருக்குங்கள். முதல் எண் 8 மடங்கு, இரண்டாவது எண் 12 மடங்கு ஆகும். அதோடு இரண்டாவது தொகையைக் கூட்டுங்கள். 8-உம் 9-உம் 17. 12-உம் 5-உம் 17. ஆக மொத்தம் எப்போதும் 17-ஆல் வகுபடும். ஆகவே ஒரு பங்கு வகுபட்டால் மிச்சப் பங்கும் வகுபட்டே தீர வேண்டும். நான்கு மடங்கு வகுபட்டால் ஒரு மடங்கும் வகுபடுமா என்று கேட்பீர்கள். 17 பகா எண். அது 4-ஐ வகுக்காது. ஆகவே வகுபடும். அவ்வளவுதாங்க. இதில் பெருக்கலும் கூட்டலும் தவிர வேறென்ன இருக்கிறது?

1959-இல் ருமேனியா நாடு, பிராஷோவ் நகரில் முதல் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டை நடத்தியது. ஏழு நாடுகள், 52 மாணவர்கள். அங்கேயும் முதல் கணக்கு பின்னக் கணக்குதான். ஓர் எண்ணை 21-ஆல் பெருக்கி 4 கூட்டினால் தொகுதி. அதே எண்ணை 14-ஆல் பெருக்கி 3 கூட்டினால் பகுதி. எந்த எண்ணை வைத்தாலும் இந்தப் பின்னத்தைச் சுருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். 1 வைத்தால் 25/17, 2 வைத்தால் 46/31. ஹங்கேரிக் கணக்கில் கற்ற வித்தையே இங்கும் உதவும். பகுதியை மூன்றால் பெருக்குங்கள், தொகுதியை இரண்டால் பெருக்குங்கள், கழியுங்கள். மிச்சம் 1. மேலேயும் கீழேயும் வகுக்கக்கூடிய எண் இருந்தால், அது இந்த 1-ஐயும் வகுக்க வேண்டும். 1-ஐத் தவிர வேறெந்த எண்ணால் அது முடியும்?

சிங்கப்பூர் முதன்முதலில் இந்தப் போட்டிக்குப் போனது 1988-இல். நம் மலேசியா 1995-இல், கனடாவின் டொராண்டோ நகருக்குப் போனது. அதே டொராண்டோவில் 42-க்கு 42 புள்ளி வாங்கியவர்களில் மரியம் மிர்சாகானி என்ற ஈரான் நாட்டுப் பெண்ணும் ஒருவர். 2014-இல் கணிதத்தின் மிக உயர்ந்த ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு கணக்கு?" என்பவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலிம்பியாட்டில் மூன்று கணக்குக்கு நான்கரை மணி நேரம் தருகிறார்கள். இரண்டு நாளில் ஆறே கணக்கு. சட்டென்று சொல்கிறவனைத் தேடுகிற போட்டி இல்லை அது.

1988-இல் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் வந்த ஆறாவது கணக்கைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கணக்குகளைத் தேர்ந்தெடுத்த குழுவினராலேயே அதைப் போட முடியவில்லை. ஆனால் வந்திருந்த 268 மாணவர்களில் 11 பேர் முழுப்புள்ளி வாங்கினார்கள்! கணக்கு இதுதான். இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். அதே இரண்டு எண்களைப் பெருக்கி 1 கூட்டுங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், ஈவு ஒரு வர்க்க எண்ணாகவே இருக்கும்.

2, 8 வைத்துப் பாருங்கள். 4-உம் 64-உம் 68. பெருக்கி ஒன்று கூட்டினால், மறுபடியும் நம் 17! ஈவு 4. அடுத்து 8, 30 வைத்துப் பாருங்கள்; அப்போதும் ஈவு 4 வரும். இந்த 30 எங்கிருந்து வந்தது? 8-ஐ நான்கால் பெருக்கி, அதற்கு முன்னால் இருந்த 2-ஐக் கழித்தால் 30. அப்படியானால் 30-க்குப் பிறகு வரும் எண் எது? தம்பி தங்கைகளே, கண்டுபிடித்து, 30-ஓடு அதையும் வைத்து வகுத்துப் பாருங்கள். அவசரமே இல்லை.