நாயிடமிருந்து மீட்ட மான் அப்புறமும் சாவது ஏன்?

தென்பெண்ணை ஆற்றங்கரையில், சர்க்கரை ஆலையும் கரும்புக் கொல்லையுமாக இருக்கும் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டு. கோடையில் கல்வராயன் மலைப் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் தேடி வரும் புள்ளிமான், நாய்களிடம் கடிபட்டால் என்ன செய்வது?

நாயை விரட்டியாச்சு, மான் பிழைச்சிடுச்சு என்று நினைக்கும்போதுதான் அடுத்த ஆபத்து. உயிர்பயத்தில் ஓடியும், பிடிபட்டு திமிறியும் மானின் தசைகள் சிதைகின்றன. அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், இதயத்தைப் பாதிக்கும். ‘கேப்சர் மயோபதி’ என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். கடிகாயம் சின்னதாக இருந்தாலும் சில மணி நேரத்திலோ, சில நாள் கழித்தோ மான் இறந்துவிடலாம். வந்தபின் குணப்படுத்துவது கஷ்டம். அதனால் பயத்தைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை.

மூக்கை மறைக்காமல் கண்ணைத் துணியால் மூடலாம். கூட்டம் கூடக் கூடாது, செல்ஃபி வேண்டவே வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அசைபோடும் விலங்கு என்பதால் ஒருக்களித்தே கிடந்தால் வயிறு உப்பும். நெஞ்சு தரையில் படும்படி இருக்கணும். உடனே வனத்துறைக்கோ 100-க்கோ போன் பண்ணுங்க.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கலாமா? கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாகணும். அதோடு, புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிக்கு மனுஷங்க மேல் பயம் விட்டுப்போகும். திரும்ப காட்டில் விடுவதும் சிக்கல்தான்.