மூடிக்கு மேலே நெருப்பு

போன மாதம் வீடு மாறினோம். சாமான்களை ஏற்றி இறக்கியதில் எங்கள் ஓவனின் கண்ணாடிக் கதவு உடைந்துபோனது. அடுத்த வாரம் மகளுக்குப் பிறந்தநாள். "கடையில வாங்கிக்கலாம்" என்றேன். அவளுக்குக் கடை கேக் வேண்டாமாம், பாட்டி கேக்தான் வேண்டுமாம். பாட்டி, அதாவது என் அம்மா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பழைய குக்கர் எந்தப் பெட்டியிலடா இருக்கு?"

குக்கர் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல் உப்பு. அதன்மேல் ஒரு கம்பி ஸ்டாண்டு. மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றியாகிவிட்டது. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பத்து நிமிஷம் வெறுமனே சூடேற்றி, நெய் தடவி மைதா தூவிய எவர்சில்வர் டப்பாவில் மாவை ஊற்றி உள்ளே இறக்கினார். முக்கால் மணி நேரம் சிறு தீயில் இருந்தது. கேக் நன்றாகவே வந்தது, மேல்பக்கம் மட்டும் வெளுப்பாக இருந்தது. மகள் பாதியைத் தின்று முடித்த பிறகும் அம்மாவுக்குத் திருப்தியில்லை. "மேல செவக்கல. கங்கு போட்டிருந்தா செவந்திருக்கும். அப்பல்லாம் ஓவன் ஏது? ஏதோ சமாளிச்சோம்."

அப்போது நாங்கள் இருந்தது திருச்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டிதான் அம்மாவுக்குக் கேக் சொல்லிக்கொடுத்தார். கனமான அலுமினியச் சட்டி, உள்ளே காவிரி மணல், சட்டிக்கு அடியில் விறகுக் கரி, தட்டையான இரும்பு மூடிக்கு மேலேயும் கரி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே வாசனை தெருமுனை வரைக்கும் வரும். ஆனாலும் யாராவது பாராட்டினால் அம்மா சொல்லும் பதில் அன்றைக்கும் இதேதான்: ஓவன் இல்லாமல் ஏதோ சமாளித்தது.

அந்தச் 'சமாளிச்சோம்' என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிலில் 'வொர்க்கரவுண்ட்' என்போம். முறையான வழி ஒன்று இருக்கிறது, அது கைக்கு எட்டாததால் சுற்றுவழியில் போகிறோம் என்று அர்த்தம். அம்மாவின் சட்டி உண்மையிலேயே சுற்றுவழிதானா? இரண்டு வாரம் இரவு நேரத்தில் இதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடுவோம். அடுப்பின் சூடு கீழிருந்து மட்டும்தான் வருகிறது. மாவை அப்படியே வைத்தால் அடி கருகும், மேலே ஈரமாக நிற்கும். ஆவியில் வைத்தால் நன்றாக வேகும், ஆனால் சிவக்காது. ஆவியின் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடும். மேல்தோல் சிவந்து வாசனை வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வறண்ட சூடு வேண்டும். இட்லி வெள்ளையாகவும் பன் பழுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆக, பேக்கிங்குக்கு அவசியமானது பெட்டியோ தகரமோ இல்லை. மேலிருந்தும் வறண்ட சூடு வர வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கான விடை மிகப் பழையது. ரோமானிய அரசியல்வாதி கேட்டோ, கி.மு. 160 வாக்கில் விவசாயத்தைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். முழுதாகக் கிடைத்திருக்கும் லத்தீன் உரைநடை நூல்களில் மிகப் பழையது அதுதான். கொடி வளர்ப்பது, எண்ணெய் ஆட்டுவது என்று போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் சமையல் குறிப்புகள் வருகின்றன. 'பிளாசென்டா' என்ற பலகாரத்துக்கு மட்டும் கணக்கைப் பாருங்கள். 14 ராத்தல் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, நாலரை ராத்தல் தேன். ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். நம் கணக்கில் நாலரைக் கிலோ பாலாடைக்கட்டியும் ஒன்றரைக் கிலோ தேனும் வரும். மெல்லிய மாவுத் தகடு, பாலாடைக்கட்டியும் தேனும் கலந்த கலவை, மறுபடி தகடு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.

இதை எதில் வைத்துச் சுடுவது? எண்ணெய் தடவிய லாரல் இலைகளை அடியில் பரப்பி அதன்மேல் பலகாரத்தை வைக்கச் சொல்கிறார். சூடான அடுப்புத் தளத்தில் அதை வைத்து, மேலே சூடேற்றிய மண்மூடியைக் கவிழ்த்து, மூடியின் மேலும் சுற்றிலும் தணலைப் போட வேண்டும். மெதுவாக வேக வேண்டும், இரண்டு மூன்று தரம் திறந்து பார்க்க வேண்டும். நேரம், சூட்டின் அளவு எதுவும் கிடையாது. எங்கள் அம்மாவிடம் குறிப்பு கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்.

அந்த மண்மூடிக்கு லத்தீனில் 'டெஸ்டும்'. குரோவேஷியாவில் இன்றைக்கும் 'பேகா' என்ற குவிந்த மூடியின் மேல் தணலைக் குவித்து இறைச்சியும் ரொட்டியும் சுடுகிறார்கள். அடுத்த பெரிய மாற்றம் இங்கிலாந்தில் வந்தது. 1707இல் ஆபிரகாம் டார்பி, மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பித்தளைப் பாத்திரம் வாங்க முடியாதவர்களுக்கும் கனமான இரும்புப் பானை கிடைக்க ஆரம்பித்தது. அமெரிக்கக் குடியேறிகள் பயன்படுத்திய 'டச்சு ஓவன்' என்ற பானைக்கு அடியில் மூன்று கால்கள் இருக்கும். தணல் சரிந்து விழாமல் இருக்க மூடி ஓரத்தில் ஒரு விளிம்பு இருக்கும். பெயரில் ஓவன், ஆள் என்னவோ நம்ம சட்டிதான்.

"ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஓவன் இருந்திருக்குமே?" என்று நானும் நினைத்தேன். இல்லை. பிரான்ஸில் பல ஊர்களில் பிரபுவின் ஓவனில்தான் ரொட்டி சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிதான் அந்த உரிமையை ஒழித்தது. லண்டனுக்கு டிக்கன்ஸே சாட்சி. 1843இல் வந்த 'எ கிறிஸ்மஸ் கேரல்' கதையில் ஏழைக் குடும்பம் தன் பண்டிகை வாத்தைப் பேக்கரிக்காரர் ஓவனிலிருந்துதான் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. சாதாரண வீடுகளுக்குள் ஓவன் நுழைந்தது பெரும்பாலும் வார்ப்பிரும்பு அடுப்புகள் பரவிய 19ஆம் நூற்றாண்டில்தான். ரோமானியர் மூடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீட்டு ஓவன் நேற்று முளைத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். கோவாவில் பெபின்கா என்ற பலகாரம். தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் கரு கலந்த மாவை ஒரு அடுக்கு ஊற்றி, மூடிமேல் தணல் வைத்துச் சிவக்கவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கை ஊற்றுவார்கள். தலச்சேரிப் பக்கம் மாப்பிள்ளை முஸ்லிம் வீடுகளில் சட்டிப் பத்திரி. மெல்லிய பத்திரி, இறைச்சி மசாலா, முட்டைப்பால் என்று அடுக்கி, சட்டிக்குக் கீழும் மேலும் கனல் வைப்பார்கள். இறைச்சியை எடுத்துவிட்டுப் பாலாடைக்கட்டியை வைத்தால் கேட்டோவுக்கு அடையாளம் தெரிந்துவிடும்! ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. கீழே மட்டும் எரியும் நெருப்பு எல்லா ஊரிலும் ஒரே சிக்கலைக் கொடுத்தது, எல்லா ஊரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடும்போது தேக்சா மூடிமேல் கங்கை அள்ளிக் கொட்டுகிறார்களே, அதுவும் இந்த வகையறாதான்.

அதே தலச்சேரியில்தான் 1880இல் மாம்பள்ளி பாப்பு பேக்கரி ஆரம்பித்தார். 1883இல் பிரவுன் என்ற தோட்டத்துரை ஒரு கிறிஸ்மஸ் கேக்கைக் கொடுத்து, இதேபோலச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பேக்கரி ஓவன் இருந்தது, கேக் அச்சு இல்லை. தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு செய்து வாங்கினார், பிராந்திக்குப் பதில் முந்திரிப்பழச் சாராயம் சேர்த்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டுவரும் கதை. இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்மஸ் கேக் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். அதைச் சமாளிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டோ கதைக்குச் சிரித்தார். பிறகு நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, இதுவரை கேட்காத கேள்விகளைக் கேட்டேன். கரி எவ்வளவு? "மேல ரெண்டு பங்கு, கீழ ஒரு பங்கு." டச்சு ஓவன் சமையல்காரர்கள் பேக்கிங்குக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான். மணல் எதற்கு? "அடி புடிக்காம இருக்க. சலிச்சு, கழுவி, காயவச்ச மணல்." எப்போது திறப்பது? "வாசனை வந்தப்புறம் ஒரு தடவை. அப்புறம் ஒரு தடவை. சும்மா சும்மா தொறந்தா அமுங்கிடும்." அம்மாவுக்கு வயது 74. இந்தக் கணக்கை அவர் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஓவன் வந்த நாளோடு எங்கள் வீட்டில் இது நின்றுபோயிருந்தது. நானும் கேட்காமல் விட்டிருந்தால் அவரோடு போயிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கரி வாங்கி வந்து மொட்டை மாடியில் செய்து பார்த்தோம். மணலுக்குப் பதில் கல் உப்பு, மற்றதெல்லாம் பழையபடி. கங்கு எடுத்து வைத்தது மகள், பங்கு சொன்னது அம்மா. மூடியைத் திறந்தபோது மேல்பக்கம் நன்றாகச் சிவந்திருந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கங்கு கொறச்சிருக்கலாம்."