துவிச்சக்கர வண்டியும் மண்ணெண்ணெய்க் காரும்: குடாநாட்டு வரலாறு தரும் பாடம்

ஒருவர் எவ்வூர்தியைத் தெரிவு செய்கின்றார் என்பது அவரது விருப்பையும் பணவசதியையும் மட்டுமே பொறுத்ததன்று. நிலத்தின் அமைப்பு, எரிபொருளின் கிடைப்பு, அரசியற் சூழல் என்பனவும் அத்தெரிவை நிர்ணயிக்கின்றன. 1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பெற்றோல் உள்ளிட்ட பல பொருள்கள் தடைக்குள்ளாயின. அந்நிலையில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத்தொடங்கின. சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே அம்முறை. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாதலின் இது சாத்தியமாயிற்று. எனினும், பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் அவ்வியந்திரத்தில் முற்றாக எரிவதில்லை. எரியாத பகுதியில் ஒரு பங்கு புகையாக வீதியிற் பரந்தது. மறுபங்கு இயந்திர எண்ணெயிற் கலந்து இயந்திரத்தின் ஆயுளைக் குறைத்தது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் தேவையின் முன் இக்கேடுகள் சிறியனவாகவே கருதப்பட்டன.

பெரும்பாலான மக்களைத் தாங்கியது துவிச்சக்கர வண்டியே. மலைகளற்ற சுண்ணாம்புக்கல் நிலமும், அடுத்தடுத்து அமைந்த ஊர்களும் அதற்கு வாய்ப்பளித்தன. மாணவர், ஆசிரியர், வியாபாரி யாவரும் அதிலேயே சென்றனர். வானொலி கேட்பதற்கும் அதன் டைனமோவே மின்சாரம் வழங்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எஞ்சிய உடைமைகளைச் சுமந்ததும் அதுவேயாம்.

இவற்றைக் கொண்டு அக்காலத்தைச் சூழல் பேணிய பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. நிர்ப்பந்தத்தாற் கொண்ட எளிமை தெரிவு ஆகாது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் மோட்டார் சைக்கிள்கள் பெருகியமை இதனை உணர்த்தும். நீண்டகாலம் மறுக்கப்பட்டதை மக்கள் நாடியமை இயல்பே. அவர்களைக் குறைகூற இடமில்லை.

ஆயினும் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி நாடு முழுவதற்கும் அதே வினாவை எழுப்பியது. வரிசைகளிற் காத்துநின்றோர் பலர் மீண்டும் துவிச்சக்கர வண்டியை நாடினர். நெருக்கடி தணிந்ததும் அந்நாட்டம் தளர்ந்தது. இரு அனுபவங்களும் உணர்த்துவது ஒன்றே. குறுந்தூரப் பயணத்திற்குத் துவிச்சக்கர வண்டி போதுமானது; நோயாளருக்கும் முதியோருக்கும் பாரமான விளைபொருளுக்கும் அது போதாது. எனவே பாதுகாப்பான மிதிவண்டிப் பாதைகளும் நம்பத்தக்க பேரூந்துச் சேவையும் ஒருங்கே அமையும்போதுதான், முன்னர் தடை திணித்த எளிமையை மக்கள் தாமே விரும்பி ஏற்பர். அத்தகைய தெரிவே நிலைபெறும்.