தேர்வு செய்ய முடியாமற் பிறந்த இசை

றொக் குழுவொன்றில் முதன்மைக் கிற்றார் ஒருவருக்கே உரியது. மற்றவர் துணைக்கு நிற்பவர். 1960களில் பெரும்பாலும் நிலவிய இவ்வழக்கத்தை இங்கிலாந்தில் மாற்றிய குழுக்களுள் ‘விஷ்போன் ஆஷ்’ முக்கியமானது.

1969இல் பேஸ் கிற்றார் கலைஞர் மார்ட்டின் ரேர்ணரும் ட்ரம்ஸ் கலைஞர் ஸ்ரீவ் அப்ரனும் தமது குழுவுக்குக் கிற்றார் கலைஞர் ஒருவரைத் தேடினர். இறுதியில் அன்டி பவல், ரெட் ரேர்ணர் என இருவர் எஞ்சினர். எவரை விடுவதென்று தீர்மானிக்க முடியாமல் இருவரையும் சேர்த்துக்கொண்டனர். (ரேர்ணர்கள் இருவரும் உறவினர் அல்லர்.)

அக்குழுவின் பாணி இந்தத் தயக்கத்திலிருந்தே பிறந்தது என்பேன். எமது கோயில்களில் இரட்டை நாதஸ்வரம் ஒரே சுரத்தில் இணைந்து செல்லும். இங்கோ ஒருவர் ‘ச’வில் நிற்க மற்றவர் ‘க’வில் நிற்பார், அந்த இடைவெளி குலையாமல் ஒரே மெட்டில் இருவரும் நடப்பர். அதே காலத்தில் அமெரிக்காவில் ‘ஓல்மன் பிரதர்ஸ்’ குழுவும் இரட்டைக் கிற்றார் வாசித்தது. ஆனால் அவர்களது அடித்தளம் தென்மாநிலங்களின் புளூஸும் ஜாஸும். விஷ்போன் ஆஷ் புளூஸில் தொடங்கினாலும் ‘பெயர்போட் கொன்வென்ஷன்’ போன்றோர் வளர்த்த ஆங்கில நாட்டார் இசையின் சாயலையும் ஏற்றுக்கொண்டது.

1972இல் வெளிவந்த ‘ஆர்கஸ்’ இப்பாணியின் உச்சம். அதன் இறுதிப் பாடலின் தலைப்பு, வாளைக் கீழே எறியச் சொல்வது. முடிவில் இரு கிற்றார் குரல்கள் ஒன்றையொன்று மறிக்காமல் பின்னிச் செல்கின்றன. போர்க்காலத்தில் மாணவனாக இருந்த நான், நண்பர் ஒருவரின் கசற்றில் அதனைக் கேட்ட இரவை இன்னும் மறக்கவில்லை.

அந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவுப் பொறியியலாளர் மார்ட்டின் பேர்ச், 1981 முதல் ‘அயர்ன் மெய்டன்’ குழுவின் தயாரிப்பாளரானார். மெய்டனின் ஸ்ரீவ் ஹரிஸ் தம்மைப் பாதித்தவற்றுள் ‘ஆர்கஸ்’ஸையும் குறிப்பிட்டுள்ளார். 1974இல் இரட்டைக் கிற்றாருக்கு மாறிய ‘தின் லிஸி’யிலும் அதே இழை தெரிகிறது.

ரெட் ரேர்ணர் 1974இல் விலகினார். அவரிடத்துக்கு லோறி வைஸ்பீல்ட் வந்தார். பிற்காலத்தில் குழுவின் பெயருக்கு உரிமை கோரி அன்டி பவலும் மார்ட்டின் ரேர்ணரும் நீதிமன்றில் எதிரெதிரே நின்றனர். 2013இல் தீர்ப்பு பவலுக்குச் சாதகமாயிற்று.

முதன்மை இடத்தை இருவருக்குப் பகிர்ந்தளித்த குழுவினால் ஒரு பெயரைப் பகிர முடியவில்லை. ஆயினும் அந்த இறுதிப் பாடலில் எவர் முந்தினார் என்று இன்றும் என்னாற் சொல்ல முடியவில்லை.