சீழ்க்கட்டியா, புற்றுநோயா?



நீரிழிவு நோயால் பல்லாண்டுகள் வாடிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பசி இல்லை; உடல் மெலிகின்றது; விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கின்றது; வலது விலாவின் கீழ் கல்லீரல் வீங்கி வலிக்கின்றது. அங்கே இருப்பது சீழ்க்கட்டியா, புற்றுநோயா? இவ்வினாவுக்கு விடை காணும் வழியை மருத்துவ உலகம் படிப்படியாகக் கண்டடைந்த வரலாற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகின்றேன்.

இந்த விடையில் ஓர் உயிரே அடங்கியிருக்கின்றது. சீழ்க்கட்டி, உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாகும். கவனியாது விட்டால் உடைந்து உயிரைக் குடிக்கும். புற்றுநோயோ, சிறிதாக இருக்கும்போதே கண்டால்தான் அறுத்து நீக்க வாய்ப்பு மிகுதி. கட்டியைப் புற்றென்று கொண்டால், பிழைக்க வேண்டியவரைக் கைவிடுவோம். புற்றைக் கட்டியென்று கொண்டால், கிடைத்தற்கரிய காலத்தை இழப்போம்.

சீதபேதிக்குப் பின் கல்லீரலில் சீழ் கோப்பதுண்டு என்பதை வெப்பநாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயினும் அதன் காரணம் விளங்கவில்லை. 1875ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லெஷ் என்னும் மருத்துவர், சீதபேதி நோயாளி ஒருவரின் மலத்தில் அமீபா என்னும் நுண்ணுயிரைக் கண்டதை வெளியிட்டார். பின்னர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கார்ட்டூலிஸ் அதனைக் கல்லீரற் சீழிலும் கண்டார். 1890இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆஸ்லர், பனாமாவில் வாழ்ந்திருந்த ஒரு மருத்துவரின் கல்லீரற் சீழில் அதே உயிரைக் கண்டு அறிவித்தார். குடலில் தொடங்கிய நோய் கல்லீரலை அடைந்த வழி இவ்வாறு தெளிவாயிற்று.

1912இல் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ், இபிகாகுவானா வேரிலிருந்து எடுக்கப்படும் எமிட்டினை ஊசி மூலம் செலுத்தி, அமீபா நோயைத் தீர்க்கலாமெனக் காட்டினார். அதன்பின் மருந்தே ஒரு சோதனையாகவும் ஆயிற்று. ஊசி போட்டபின் காய்ச்சல் தணிந்து வலி குறைந்தால், நோய் அமீபாக் கட்டியே என்று முடிவு செய்தனர். ஆனால் எமிட்டின் இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து. 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள், அதனினும் தீங்கு குறைந்த மெட்ரோனிடசோல் இந்நோய்க்கு ஏற்றதெனக் காட்டினர்.

கல்லீரற் சீழுக்கு அமீபா மட்டுமே காரணமன்று. பாக்டீரியாக்களும் அதனை உண்டாக்கும். 1938இல் ஆக்ஸ்னர், டிபேக்கி ஆகிய இருவரும் இவ்வகைக் கட்டிகளைப் பற்றி எழுதிய காலத்தில், குடல்வால் அழற்சி அதற்கு ஒரு முக்கிய காரணமாயிருந்தது. குடல்வாலை உரிய நேரத்தில் அறுத்து நீக்கும் வழக்கமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பரவியபின் நிலைமை மாறிற்று. நோயாளிகள் பெரும்பாலும் முதியோராயினர். பித்தநாள நோயும் நீரிழிவும் முன்னே வந்து நின்றன. புற்றுநோயோடு குழப்பம் நேர்வதும் இத்தகையோரிடத்தில்தான் மிகுதி.

புற்றுநோயைக் கண்டறியும் வழியும் இதற்கிடையே வளர்ந்தது. 1963இல் மாஸ்கோவில் ஆபெலெவ், கருவிலுள்ள எலிக்குட்டி உண்டாக்கும் ஒரு புரதம், கல்லீரற் புற்றுற்ற எலிகளின் குருதியில் மீண்டும் தோன்றுவதைக் கண்டார். மறு ஆண்டில் டட்டாரினோவ் அதனை மனிதரிடத்தும் கண்டார். ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் என்பது அதன் பெயர். ஆயினும் எல்லாப் புற்றுகளிலும் அது உயர்வதில்லை. ஆதலால் அளவு இயல்பாக இருந்தாலும் புற்று இல்லையென்று துணிதல் ஆகாது.

1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்த சி.டி. கருவி, பிற்காலத்தில் கல்லீரலையும் காட்டிற்று. அதில் தெரிவது நிழல், நோயின் பெயரன்று. புற்றின் நடுப்பகுதி அழுகினால் அதுவும் கட்டிபோலவே தோன்றும், காய்ச்சலும் வரலாம். மாறாக, நீரிழிவுற்ற முதியவரின் சீழ்க்கட்டியில் காய்ச்சல் மிகக் குறைவாகவும் இருக்கலாம். சில வேளைகளில் பித்தநாளத்திலோ பெருங்குடலிலோ மறைந்திருக்கும் புற்றே சீழ்க்கட்டிக்கு வழி திறந்திருக்கும். அப்போது இரண்டும் ஒருவரிடத்திலேயே இருக்கின்றன!

ஆகவே இன்றைய மருத்துவர் ஒரு சான்றோடு நிறைவடைவதில்லை. நோய் நாள்கணக்கில் வந்ததா, மாதக்கணக்கில் வந்ததா என்று கேட்கின்றார், கல்லீரல் முன்பே சுருங்கி இறுகியிருந்ததா என்று ஆராய்கின்றார், குருதியைச் சோதிக்கின்றார், ஊசியால் சீழை எடுத்து, அதில் நுண்ணுயிர் வளர்கின்றதா என்று பார்க்கின்றார், ஐயமிருப்பின் திசுவைச் சிறிதளவு எடுத்து உருப்பெருக்கியில் நோக்குகின்றார். மருந்து கொடுத்த பின்னும், அந்த நிழல் சுருங்கி மறைகின்றதா என்று மீண்டும் படம் எடுத்துப் பார்க்கின்றார். சுருங்கவில்லையெனின் தம் முடிவையே மறுபடியும் விசாரிக்கின்றார்.

இவ்வரலாற்றில் நான் பெரிதும் மதிப்பது இந்த இறுதிப் பண்பையே. கருவிகள் மாறும், மருந்துகள் மாறும். ஆனால், நெடுநாள் நோயாளி ஒருவரிடத்தில் புதிதாய்த் தோன்றும் துன்பத்தைப் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடாமல், "இது வேறொன்றாக இருக்கலாகாதா?" என்று கேட்கும் மனம் மாறலாகாது. உங்களுள் மருத்துவராகப் போகின்றவர்களுக்கு மட்டுமன்று, அறிவுத் துறை எதனை மேற்கொள்வோருக்கும் அக்கேள்வி உரியதே.