பசிக்குக் கசப்பு போதும்

"பசி எடுக்கத்தான் கொஞ்சம் ஊத்திக்கிறேன்" என்று சொல்லும் ஆம்பளைகளை நாம பார்த்திருக்கோம். இத்தாலியிலும் அந்தப் பேச்சு உண்டு. சாப்பாட்டுக்கு முன் குடிப்பதற்கு அங்கே 'அபெரிதிவோ' என்று பேர். திறப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1786-ல் தூரின் நகரத்தில் கார்ப்பானோ என்பவர் ஒயினில் கசப்பு மூலிகைகளைச் சேர்த்து வெர்மூத் செய்து விற்றார். பழக்கம் பரவியது, போதையும் கூடவே ஒட்டிக்கிச்சு.

ஆனால் நாக்கில் எச்சில் ஊற வைப்பது கசப்புதானே! நம்ம சுண்டைவற்றலும் வேப்பம்பூ ரசமும் செய்யுற வேலை அதுதான். 1960-களில் ஆல்ப்ஸ் மலை ஊரான குரோதோவில் மூலிகைக் கசப்போடு, போதை துளியும் இல்லாமல் 'குரோதினோ' வந்தது. ஆரஞ்சு நிறம், கைக்குள் அடங்கும் பாட்டில். சாயங்காலம் ஆலிவ் காயைக் கொறிச்சுக்கிட்டே குடிச்சுட்டு, நிதானமா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரலாம்.