அரமும் ஆணையும்: வேட்டைத் துப்பாக்கி திருத்தப்பெற்ற வரலாறு

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்வர். அந்நூலில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணர், நெய்தல் நிலத்துப் பட்டினத்தைக் கடந்து எயினர் வாழும் வேலூரை அடைகின்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் விருந்து புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியுமாகும். ஆமான் என்பது காட்டுப் பசு. அதனை வேட்டையாடிய எயினர், வில்லை வைத்துக்கொள்ள எவரிடமும் உரிமம் பெற்றதாகப் பாட்டில் இல்லை. வேட்டைக் கருவியை வேட்டுவனே வளைத்து, நாண் பூட்டி, தன் தோளுக்கும் கைக்கும் ஏற்பத் திருத்திக்கொண்ட காலம் அது. பின்வந்த நூற்றாண்டுகளில் கருவி மாறியதோடு, அதனைத் திருத்தும் உரிமையும் கைமாறியது. இந்த இரண்டாவது மாற்றம் தமிழில் மிகுதியாக எழுதப்படவில்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே உப்பளங்களைத் தாண்டியுள்ள கூனிமேடு, ஆங்கிலக் கும்பினியின் ஆவணங்களில் 'கானிமியர்' என்று உருத்திரிந்து காணப்படுகிறது. செஞ்சி மராட்டியர் வசம் இருந்த 1680களில் கும்பினியார் இங்கே பண்டசாலை வைத்திருந்தனர். 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபின் அவர்கள் கவனம் தெற்கே சென்றுவிட்டது. வடக்கே ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. துணிக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற இக்கரையில் வணிகமும் வெடிமருந்தும் ஒன்றையொன்று தொடர்ந்தே வந்திருக்கின்றன.

துப்பாக்கியோடு வந்த சொற்களைச் சற்றே நின்று நோக்கலாம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்தும், தோட்டா உருதுவிலிருந்தும் வந்தவை. பீரங்கியோ பரங்கியரோடு உறவுடையது. பெயர்கள் இரவலாயினும் உறுப்புகளுக்கும் தொழிலுக்கும் தமிழ் தன் சொற்களையே வழங்கியது. வெடிக்கும் பொடி 'மருந்து' ஆயிற்று. அதனைக் குழலுக்குள் இட்டுச் சலாகையால் இடிப்பது 'கெட்டித்தல்' ஆயிற்று. சிறு குண்டுகள் 'சன்னம்' ஆயின. தலையைத் தூக்கி நின்று விசையைத் தொட்டதும் பாய்ந்து விழும் உறுப்பைக் 'குதிரை' என்று அழைத்தவன் பெயர் தெரியவில்லை; அவன் கவிஞன் என்பதில் ஐயமில்லை. எயினர் இறைச்சியைச் சுட்ட அதே வினைச்சொல்லே துப்பாக்கிக்கும் போதுமானதாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குதிரை மறைந்தது. 1841இல் பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட டிரைசேயின் ஊசித் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்து இடும் பழைய முறையைக் கைவிட்டது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் அதன் இயக்கம் விளங்கும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்தால் குழலின் அடிப்பாகம் திறக்கும். தோட்டாவை வைத்து முன்னே தள்ளி மடக்கினால் பூட்டிக்கொள்ளும். தோட்டாவைத் தட்டும் ஊசி தாழ்ப்பாளுக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. இதனைச் செம்மை செய்தவர் ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் ஊரினரான பால் மௌசர். 1898ஆம் ஆண்டு மாதிரியில் தாழ்ப்பாளின் பூட்டுப்பற்கள் முன்முனையில், தோட்டாவை ஒட்டியே அமைந்தன. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பில் அவை பின்புறம் இருந்தன. மௌசர் உறுதியில் மிஞ்சியது. லீ விரைவில் மிஞ்சியது. பிரிட்டிஷ் படை லீயைத் தேர்ந்தது. 1895இன் லீ-என்ஃபீல்டும் அதன் வழிவந்தவையும் .303 அங்குலத் தோட்டாவோடு இந்தியா முழுவதும் பரவின.

வேட்டைக்காரர் கைக்கு இத்துப்பாக்கி வந்தபோது திருத்தம் தொடங்கியது. படைத் துப்பாக்கியின் மரம் குழலின் நுனிவரை நீண்டு கனக்கும். அதைப் பாதியாகக் குறைத்து, நல்ல வால்நட் மரத்தில் கன்னம் பதியும் மேட்டோடு புதிய கட்டை செய்வது முதல் வேலை. கட்டையின் நீளம் உரியவனின் கைநீளத்துக்கு அளந்து வெட்டப்படும். சட்டை தைப்பதற்கு ஒப்பான வேலை இது. நேராக நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ப்பாள் கைப்பிடியைப் பழுக்கக் காய்ச்சிக் கீழ்நோக்கி வளைப்பது அடுத்தது. இல்லையேல் மேலே தொலைநோக்கி பொருத்த இடமிராது. புதரின் இருளிலும் தெரியும்படி முன்குறியில் தந்தமணி பதிப்பதும், விசையின் இழுவையை மென்மையாக்குவதும் இவற்றைத் தொடர்வன.

இவற்றுள் நுட்பமானது குழலும் கட்டையும் கூடும் இடத்தைச் சீர்செய்வதாகும். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். ஊதிய மரம் குழலை மயிரிழை தள்ளினாலும் நூறு கெஜத்துக்கு அப்பால் குண்டு விலகிப் போகும். ஆகவே குழல் மரத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுக் குடையும் முறை வந்தது. பிற்காலத்தில் கண்ணாடியிழையும் பிசினும் கலந்து படுக்கை அமைத்தனர். வெயிலும் தன் பங்குக்குத் தொல்லை தந்தது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த கார்டைட் மருந்து வெப்பம் மிகுந்தால் கூடுதல் அழுத்தத்தோடு எரியும். அதனால் பிரிட்டிஷ் தோட்டாக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் செய்தன. இந்தக் கார்டைட்டை இந்தியாவில் செய்யும் ஆலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் எழுந்தது.

இதுவரை கூறியது உலகெங்கும் உள்ள கதை. இந்தியாவில் அரத்தைப் பிடித்த வேறொரு கையும் உண்டு. அது அரசின் கை.

பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. இந்தியா முழுமைக்குமான 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எழுபத்தேழு ஆண்டுகள் முன்னரே தமிழகத்தின் தென்பகுதி நிராயுதமாக்கப்பட்டது. 1857க்குப் பின்னர் அச்சம் இன்னும் நுண்ணிய வடிவம் எடுத்தது. ரைபிள் என்பதன் உயிர், குழலின் உட்புறத்தில் திருகாக வெட்டிய புரிகளில் உள்ளது. அவையே குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. கிளர்ச்சிக்குப் பின் சுதேசிச் சிப்பாய்களுக்கென வழங்கிய என்ஃபீல்டுகளில் அந்தப் புரிகள் இல்லை. குழலின் உள்ளே வழவழப்பாக்கி, தொலைவு சென்று தைக்கும் ஆற்றலை எடுத்துவிட்டே அவை தரப்பட்டன. வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை.

இதே வேலையை இருபதாம் நூற்றாண்டில் வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டிலும் செய்தது. காவலர்க்கென .303 துப்பாக்கியின் குழலை .410 அங்குலத்துக்கு அகலமாக்கிப் புரிகளை நீக்கினர். பல தோட்டாக்கள் இடும் பெட்டியின் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு வேட்டுக்கு ஒருமுறை நிரப்பும்படி ஆக்கினர். கையில் ஏந்துபவன் அரசின் ஊழியனே. எனினும் அவன் துப்பாக்கி நாளை யார் கைக்குப் போகும் என்ற கணக்கு அதிலே செதுக்கப்பட்டிருந்தது. மேம்படுத்துதல் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. ஐரோப்பியர்க்கு விலக்கு அளித்தது. அதனோடு படைத் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்ற விதியும் வலுப்பெற்றது. களவுபோன தோட்டா கலகக்காரனுக்குப் பயன்படும் என்பது காரணம். 1907ஐ ஒட்டி .450 அளவு இந்தியாவில் தடுக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 என்று புதிய அளவுகளை உருவாக்கின. யானை வேட்டைக்குப் புகழ்பெற்ற அவ்வளவுகளின் பிறப்பில் இந்திய அரசாணைக்குப் பங்குண்டு. .303 மறுக்கப்பட்ட எளிய வேட்டைக்காரர்க்கோ .315 வந்தது. முன்னது 7.7 மில்லிமீட்டர், பின்னது 8 மில்லிமீட்டர். 1888இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை எடுத்துக்கொண்ட மான்லிக்கர் தோட்டாவே அது. வேறொரு பேரரசின் போர்த்தோட்டா இந்தியாவில் சாதுவான வேட்டைத் தோட்டாவாக மதிக்கப்பட்டது! இஷாப்பூரும் லீயின் தாழ்ப்பாள் அமைப்பிலேயே .315 வேட்டைத் துப்பாக்கியைச் செய்யலாயிற்று. பழைய லீ-என்ஃபீல்டை அறிந்தவர்க்கு அதன் உடல்வாகு பார்த்தவுடனே புலப்படும்.

மேல்தட்டினரின் துப்பாக்கி வேறு. குமாவூன் மலையில் சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் வழங்கிய ரிக்பி துப்பாக்கி மௌசர் தாழ்ப்பாளின் மேல் லண்டனில் கட்டப்பட்டது. வெள்ளித் தகட்டில் செய்தி பொறிக்கப்பெற்றது. அதன் .275 தோட்டா, மௌசரின் 7 மில்லிமீட்டர்த் தோட்டாவே. தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் பிரிட்டிஷ் படையைத் திணறடித்த அதே தோட்டா, ஆங்கிலப் பெயர் சூடியதும் பரிசுப் பொருளாயிற்று. அதன் எடைக்குறைவு வீண்போகவில்லை. 1930இல் சௌகர் புலி எதிர்ப்பட்டபோது, இடக்கையில் பறவை முட்டைகளை ஏந்தியிருந்த கார்பெட் ஒரு கையாலேயே அதனைத் திருப்பிச் சுட்டார். முட்டைகள் உடையவில்லை. 2015இல் ரிக்பி கம்பெனி அத்துப்பாக்கியை மீண்டும் வாங்கியது. மறு ஆண்டு அது இந்தியாவுக்குக் காட்சிக்கு வந்து சென்றது.

கூனிமேட்டில் புலி இல்லை. ஆனால் துப்பாக்கியின் பகையான உப்பு உண்டு. உப்பளக் காற்றில் எண்ணெய் காணாத இரும்பு விரைவில் செம்பூத்துப் போகும். பழைய தோட்டாக்களோ அந்த உப்பைத் தம்முள்ளேயே சுமந்து வந்தன. தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்பும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலின் புரிகளில் படியும். அது அளத்து உப்புக்கு உடன்பிறப்பு. ஈரத்தைக் குடித்து எஃகைத் தின்னும். எண்ணெய்த் துணியால் எத்தனை துடைத்தாலும் உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும். ஆதலால் லீ-என்ஃபீல்டு ஏந்திய சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவினர். கடற்கரையில் இவ்வழக்கத்தைத் தவறவிட்டவன் துப்பாக்கியில் புரிகளை நீக்க அரசாணை தேவைப்படவில்லை.

விடுதலைக்குப் பின் 1959இல் புதிய படைக்கலச் சட்டம் வந்தது. ஐரோப்பியர்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று என்ற வேறுபாடு அதில் இல்லை. எனினும் துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் தொழில் உரிமம் வேண்டும். குழலைக் குறைப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். ஆகவே மேலே சொன்ன மரவேலையும் இரும்புவேலையும் உரிமம் பெற்ற சில கடைகளுக்குள் ஒடுங்கின. 1970இல் புலி வேட்டை நின்றது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் வேட்டை என்னும் பொழுதுபோக்கையே முடித்துவைத்தன. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் நிறுத்தப்பட, பழைய மௌசர்களின் விலை ஏறியது. பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற உழவனுக்கும், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியோடு ஊர்ஊராகச் சென்ற நரிக்குறவர்க்கும் இந்தச் சந்தையோடு தொடர்பு இருந்ததில்லை. நரிக்குறவர் இழந்தது பொழுதுபோக்கை அன்று, பிழைப்பை. பறவைகள் அடைந்த நன்மையும் மறுக்கத்தக்கதன்று: கூனிமேட்டை அடுத்த கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கும் துணிவு சட்டத்துக்கு உண்டு. இலக்கியத்துக்கு அது வேண்டியதில்லை.

அச்சமும் அளவுகளும் மட்டும் நீடித்தன. 1962இல் சீனப் போருக்குப் பின் இஷாப்பூர் லீ அமைப்பை வலுவான எஃகில் வார்த்து 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020இன் குடியரசு நாளன்று .303க்கு விடைகொடுத்தது. 1962ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின் தடைப் பட்டியலில் .303, 7.62 ஆகியவற்றோடு .410 மஸ்கட்டும் இடம்பெற்றது. நம்பிக்கையின்மையால் புரி நீக்கப்பட்டு, வாயில் மரக்கட்டை அடைக்கப்பட்ட அந்தக் காவலர் துப்பாக்கியை, சுதந்திர நாட்டின் குடிமகனும் வைத்திருக்கலாகாது என்று அவ்விதிகள் கூறின.